ஒரு ஆள் அதிகம்

தச்சர் அந்த ஆட்டத் தளத்தைப் போட்டு முடிக்கப் பதினெட்டு நாள் பிடித்தது. மழை விடாத மாதம். காற்றில் ஈரம் ஏறிப் பலகைகள் உப்பிக்கொண்டன. காலையில் சேர்த்த மூட்டு மாலையில் முரண்டு பிடித்தது. முதலில் சிமெண்டுத் தரை முழுக்க அடிக்கு ஒன்றாக ரப்பர் துண்டுகளை ஒட்டினார். அதன்மேல் நெடுக்கில் ஒரு வரிசைச் சட்டம், குறுக்கில் ஒரு வரிசை. அதற்கு மேல் இரண்டு அடுக்கு பிளைவுட். கடைசியில் மினுங்காத கறுப்பு வண்ணம். குதித்தால் தரை கொஞ்சம் உள்வாங்கிக் காலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சக்கர நாற்காலி உருண்டால் முனகக் கூடாது. பலகைக்கும் சிமெண்டுக்கும் நடுவே நாலு விரற்கடை இடைவெளிதான் இருந்தது. அதில் எலி ஓடலாம், பூனை நுழைய முடியாது.

கட்டடம் முன்பு மாவு மில்லின் கிடங்காக இருந்தது. மில் மூடிப் பல வருஷம் கழித்து, மரத்தரையை எடுத்துச் சிமெண்டு போட்டு, கூரையையும் மாற்றி அரங்கமாக்கியிருந்தார்கள். அந்த வேலையைத் தச்சர் கேட்டு வாங்கிக்கொண்டதற்குக் காரணம் அவருடைய தங்கை. அவள் அங்கே ஆடப்போகிற நடனக் குழுவில் ஐந்து பேரில் ஒருத்தி.

தங்கைக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. வயது முப்பத்திரண்டு. பகலில் அச்சகத்தில் புத்தகம் மடித்துத் தைக்கும் வேலை. அங்கே எந்த மெஷின் கெட்டாலும் மெக்கானிக்குக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் நிற்பாள். பிறகு மூன்றாவது மெஷினின் இடதுபக்க உருளையைக் காட்டுவாள். திறந்து பார்த்தால் அங்கேதான் கோளாறு இருக்கும். ஒருமுறை முதலாளி யாரையோ திட்டும்போது 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்றாராம். பக்கத்திலிருந்தவள் அதை எழுதிக் காட்ட, இவள் கீழே எழுதிக் கொடுத்தாள்: 'சங்கைத் தரையில வச்சு ஊதச் சொல்லுங்க, கேக்கும்.'

அவள் கைகளால்தான் பேசுவாள். அந்தப் பேச்சை நான் வாய்ப்பேச்சாகவே எழுதுகிறேன். அவள் பேச்சு முழுதாகப் புரிந்தவள் வீட்டில் ஒருத்திதான். அது தச்சரின் மனைவி. கல்யாணமாகி வந்த முதல் வருஷமே நாத்தனாரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். வளர்த்து ஆளாக்கிய அண்ணனுக்குத் தெரிந்தது சாப்பிடு, வா, போ, போதும், தூங்கு, பத்திரம். அவ்வளவுதான். அம்மா இவள் பிறந்த வருஷமே இறந்துவிட்டாள். அப்பா இவளுக்கு ஏழு வயதாகும்போது இல்லாமல் போனார். அதற்குப் பிறகு அவளுக்கு எல்லாமே அண்ணன்தான். ஆறு வார்த்தையை வைத்துக்கொண்டே இருபத்தைந்து வருஷம் ஓட்டிவிட்டார்.

புதுத்தளத்தில் ஒத்திகை தொடங்கிய மூன்றாம் நாள். சமையலறையில் நாத்தனாரும் அண்ணியும் எதிரெதிரே உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார்கள். தங்கை கத்தியைக் கீழே வைத்தாள். கை பேச வேண்டுமென்றால் வேலை நிற்க வேண்டும்.

"அண்ணி, எங்க கூட யாரோ நடக்குறாங்க."

"யாரு? புதுசா ஆள் சேர்த்திருக்காங்களா?"

"இல்ல. அஞ்சு பேர்தான். டீச்சரோட சக்கரம் எனக்குத் தெரியும், அது கோடு மாதிரி வரும். கட்டைக்காரரோட ஊன்றுகோல் ஆணி அடிச்ச மாதிரி. ஆபரேட்டர் பாதத்தை முழுசா வைப்பார். அந்தச் சின்னப் பொண்ணு வாத்து மாதிரி. நான் ஒருத்தி. மொத்தம் அஞ்சு. ஆனா தரையில ஆறு நடக்குது."

"மழை சொட்டியிருக்கும்டீ."

"மழை சொட்டினா நின்ன இடத்துலயே சொட்டும். இது நடக்குது. நாங்க நின்னாலும் அது நிக்கமாட்டேங்குது."

அண்ணி கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். "உங்க அண்ணன்கிட்ட சொன்னா, என் வேலையில குத்தம் கண்டுபிடிக்கிறீங்களான்னு குதிப்பாரு."

அவர் குதிக்கத்தான் செய்தார்.

"சட்டத்துக்குச் சட்டம் நூல் பிடிச்சு வச்சிருக்கேன். ஒரு ஸ்குரூ தளர்ந்திருந்தா என் காதை அறுத்துக்கோ."

"உங்க காதை வச்சு நான் என்ன பண்றது? போய்ப் பார்த்துட்டு வாங்க."

மறுநாள் சாயங்காலம் ஒத்திகைக்கு அவரும் போனார். குழுவை நடத்துகிறவளை எல்லோரும் டீச்சர் என்பார்கள். முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். இடுப்புக்குக் கீழே அசைவு நின்று பத்து வருஷம் ஆகிறது. சக்கர நாற்காலியை அவள் ஓட்டுவதைப் பார்த்தால் அதில் உட்கார்ந்திருக்கிறாள் என்று தோன்றாது. ஒரே தள்ளில் மேடையின் குறுக்கே வந்து, தச்சரின் கால் விரலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றாள்.

"வாங்க அண்ணே. உங்க தளத்து மேல புகார் ஒண்ணுமில்ல. தங்கமா இருக்கு. ஆனா..."

"என்ன ஆனா?"

"அவரையே கேளுங்க."

அவள் காட்டியது ஆபரேட்டரை. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்க்கிறவர். இரண்டு கண்ணும் தெரியாது. ஓரத்தில் உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தார்.

"தச்சரா? உக்காருங்க. நான் ஒண்ணு கேட்டா சிரிக்கக் கூடாது. இந்த மேடையில எத்தனை பேர் ஆடுறோம்?"

"அஞ்சு."

"அப்படித்தான் எங்கிட்டயும் சொன்னாங்க. ஆனா எனக்கு ஒரு ஆள் அதிகமாத் தோணுது. சத்தம் எதுவும் வர்றதில்ல. ஒருத்தர் பக்கத்துல நின்னா அந்தப் பக்கம் காத்து அடிக்காது பாருங்க, அது மாதிரி. முந்தாநாள் உங்க தங்கச்சி என் உள்ளங்கையில எழுதிக் கேட்டா, 'உங்களுக்கும் தெரியுதா'ன்னு. எனக்கு ரொட்டி தொண்டையில மாட்டிக்கிச்சு."

தச்சர் சிரிக்கவில்லை. எல்லோரையும் இறங்கச் சொல்லிவிட்டு முழங்காலில் ஊர்ந்து, மரச்சுத்தியலால் சதுரம் சதுரமாகத் தட்டினார். எங்கும் ஒரே சத்தம். நடுவில் ஒரு பலகையை மட்டும் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். சட்டம் அசையவில்லை. ரப்பர் நகரவில்லை. ஆனால் அவரே துடைத்துப் பெருக்கிவிட்டு மூடிய சிமெண்டின்மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. விரலால் தொட்டுத் தேய்த்தார். மாவு.

"சுவர் இடுக்குல இருந்து உதிர்ந்திருக்கும்," என்றாள் டீச்சர்.

"ஆமா. உதிர்ந்திருக்கும்," என்றார் தச்சர். பலகையைத் திரும்ப முடுக்கும்போது மூன்று ஸ்குரூ கை தவறி விழுந்தது. முப்பது வருஷத் தச்சனுக்கு அது நடக்கிற காரியமில்லை.

அதற்கடுத்த நாலு நாளும் தங்கை சரியாகச் சாப்பிடவில்லை. முட்டையைப் பிட்டு வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். ஐந்தாம் நாள் துணி காயப்போடும் இடத்தில் அண்ணியின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அந்த நடை யாரோடதுன்னு தெரிஞ்சுபோச்சு."

அவள் வலது முட்டியை இடது உள்ளங்கையில் விழவிட்டாள். அடுத்து இரண்டு விரல் நுனியால் லேசாகத் தொட்டாள். பிறகு அந்த விரல்களை உள்ளங்கை ஓரம் வரை இழுத்தாள். ஒரு கனம், ஒரு லேசு, ஒரு இழுப்பு. அண்ணிக்கு அந்தச் சைகை புதிது.

"இது யாரு?"

"எங்க அப்பா. சின்ன வயசுல நான் அவருக்கு வச்ச பேர். ஒரு கால் குட்டை அவருக்கு. தெருவுல வரும்போதே எனக்குத் தெரியும். கட்டில்ல படுத்திருப்பேன், கட்டில் கால் வழியா வருவார். இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கு வர்றார்? அன்னிக்கு விட்டுட்டுப் போனாரே, அப்போ நான் எப்படி இருப்பேன்னு நினைக்கலையா?"

அண்ணி துணிக்கூடையை அப்படியே விட்டுவிட்டாள்.

அன்று அவள் பட்டறைக்கே போனாள். தச்சர் ஒரு கதவுச் சட்டத்தை இழைத்துக்கொண்டிருந்தார். சுருள் சுருளாக மரச்சீவல் காலடியில் குவிந்திருந்தது.

"ஏங்க, உங்க அப்பா எப்படி நடப்பாரு?"

இழைப்புளி பாதியில் நின்றது. "எதுக்குக் கேக்குற?"

"சொல்லுங்களேன்."

"இடது கால் குட்டை. இழுத்து நடப்பாரு. அதோட மூட்டை தூக்குவாரு. ரெண்டு கால் சரியா இருக்கறவனை விட ஒரு மூட்டை அதிகம் தூக்குவாரு."

"எங்க தூக்குவாரு?"

இழைப்புளியைத் திருப்பி, கத்தியில் சிக்கிய சீவலை எடுத்தார்.

"அந்தக் கிடங்குலயா?"

"அந்தக் கிடங்குலதான். அங்கயேதான் செத்தாரு. மூட்டை அடுக்கு சரிஞ்சு மேல விழுந்துடுச்சு. சாயங்காலம் ஆள் எண்ணும்போதுதான் ஒருத்தர் குறையுதுன்னு தெரிஞ்சுது. போதுமா? தளம் போடுற வேலை வந்தப்போ, போய் நம்ம கையால நல்லதா ஒண்ணு போட்டுட்டு வருவோம்னு தோணுச்சு. யாருகிட்டயும் சொல்லணும்னு தோணலை."

"அவகிட்டயுமா?"

"அவளுக்குத்தான் தெரியுமே. அப்போ ஹாஸ்டல்ல இருந்தா. லீவுக்கு வந்தப்போ நான்தானே சொன்னேன்."

"என்னன்னு சொன்னீங்க? எப்படிச் சொன்னீங்க, செஞ்சு காட்டுங்க."

தச்சர் இழைப்புளியை வைத்தார். முதலில் மீசையைத் தொட்டார்; அப்பா. பிறகு கையை வாசல் பக்கம் நீட்டி விலக்கினார்.

"அப்பா போயிட்டார்னு சொன்னேன். அப்படித்தானே எல்லாரும் சொல்றது?"

மனைவி அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க, அது 'போ'ங்க. வெளிய போ, கடைக்குப் போன்னு சொல்றதுக்குக் காட்டுற 'போ'. செத்தாருங்கிறதுக்கு அவங்க கையில வேற இருக்கு. நம்ம வாய்க்கு ரெண்டும் ஒண்ணு, அவ கைக்கு ரெண்டும் வேற. அவ, அப்பா தன்னை விட்டுட்டு ஓடிட்டார்னு நினைச்சுக்கிட்டு இருக்கா. இருபத்தஞ்சு வருஷமா."

தச்சர் தம் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். வாசல் பக்கம் நீண்ட கை இன்னும் இறங்கவில்லை.

"கேட்டிருக்காளே," என்றார் கடைசியில். "எப்ப வருவார்னு கேப்பா. நான் இல்லைன்னு தலையை ஆட்டுவேன். கொழந்தை, மனசு ஏத்துக்கலைன்னு நினைச்சேன். அப்புறம் கேக்குறதை விட்டுட்டா. சரி, தேறிட்டான்னு நினைச்சேன்."

"நான் சொல்லவா?"

"வேணாம். தப்பாச் சொன்னவன் நான். எனக்கு அந்த வார்த்தையைக் காட்டு."

மூன்று நாள் பட்டறையில் வேலை நடக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தபோது புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். "என்ன தச்சரே, வாய்ச்சண்டை முடிஞ்சு கைச்சண்டையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். தச்சருடைய விரல்கள் தடித்துப்போனவை. உளி பிடித்தே பழகியவை. ஒரு வார்த்தைக்கு அவை மடங்குவதற்குள் நெற்றி வியர்த்தது.

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் மதியம் மூன்று பேரும் அரங்கத்துக்குப் போனார்கள். வேறு யாரும் வந்திருக்கவில்லை. தகரக் கூரையில் மழை. தச்சர் தங்கையை மேடை நடுவில் நிற்கவைத்து, எதிரே நின்று, கையைத் தூக்கினார். மெதுவாக, ஒவ்வொன்றாக.

"அப்பா போகலை. செத்துட்டார். இங்க. மூட்டை விழுந்து. நான் சொன்னது தப்பு."

அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. புரியவில்லையோ என்று அவர் மறுபடி தொடங்கினார். அவள் அவருடைய இரண்டு கையையும் பிடித்து இறக்கினாள்.

"எவ்வளவு நேரம் உள்ள கிடந்தார்?"

மனைவி அதை வாயால் சொன்னாள். தச்சர் வாயாலேயே பதில் சொன்னார். மனைவி கைகளால் திருப்பினாள்.

"மதியத்துலேருந்து சாயங்காலம் வரைக்கும்."

"உடனே செத்தாரா?"

"தெரியலம்மா."

"காலால தட்டினாரா? அப்போ இங்க மரத்தரைதானே?"

"தட்டினாரோ என்னவோ. மில் ஓடிட்டிருந்துச்சு. பக்கத்துல நின்னு கத்தினாலே கேக்காது. யாருக்கும் கேக்கலை."

தங்கை அண்ணனைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரிஞ்சிருக்கும்," என்றாள்.

பிறகு அவர் மார்பில் இரண்டு உள்ளங்கையாலும் அடித்தாள். மறுபடி அடித்தாள். அவர் ஒதுங்காமல் நின்று வாங்கிக்கொண்டார். "செத்துப்போனவரைத் திட்டிக்கிட்டே இருந்திருக்கேன். தினம் திட்டியிருக்கேன்," என்று அவள் கைகள் சொல்லிக்கொண்டே இருந்தன. அண்ணிக்கு அதை வாயால் சொல்ல வரவில்லை. இந்தத் தடவை தச்சருக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவைப்படவுமில்லை.

அவள் அன்று ஒத்திகைக்கு நிற்கவில்லை. வீட்டிலும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் காலை டீச்சரே தேடி வந்தாள். வாசற்படி உயரம் என்பதால் நாற்காலி உள்ளே வரமுடியவில்லை. தச்சர் பலகை கொண்டுவருவதாகச் சொன்னார்.

"வேணாம் அண்ணே. வற்புறுத்த வரலை. நடுவுல நாலு நிமிஷம் பாட்டு இல்லாம ஆடணும். அந்த இடத்துல தாளம் அவ குதிகால்லதான் இருக்கு. அவகிட்டயிருந்துதான் ஆளுக்கு ஆள் தொட்டு வாங்கிக்குவோம். அவ இல்லேன்னா அந்த நாலு நிமிஷத்தை எடுத்துட்டு ஆடுவோம். அதை மட்டும் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அண்ணி அதைக் காகிதத்தில் எழுதி அறைக்கதவுக்கு அடியில் தள்ளினாள். கதவு திறந்தது. தங்கை கையில் பையோடு நின்றாள். "எடுக்க வேணாம்," என்றாள்.

மாலை ஆறரைக்கு அரங்கம் நிறைந்துவிட்டது. ஈரக்குடைகளின் வாடை. தச்சரும் மனைவியும் மூன்றாம் வரிசையில் இருந்தார்கள். விளக்கு அணைந்து மேடை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. முதலில் டீச்சர் வந்தாள். நாற்காலி வட்டம் போட்டது; வட்டம் சிறுத்துச் சிறுத்து ஒரே இடத்தில் பம்பரமானது. கட்டைக்காரர் இரண்டு ஊன்றுகோலையும் ஊன்றி, இருக்கிற ஒற்றைக்காலைத் தூக்கி, ஊஞ்சல் போலத் தொங்கினார். ஆபரேட்டர் காற்றைத் தடவிக்கொண்டே வந்து சின்னப் பெண்ணைத் தோளில் ஏற்றினார். அவருக்கு வழி தெரியாது, அவளுக்குத் தெரியும். அவள் முழங்காலால் அழுத்திய பக்கம் அவர் திரும்பினார். ஜனங்கள் மூச்சு விடவில்லை.

பிறகு பாட்டு நின்றது.

ஐந்து பேரும் வரிசையானார்கள். முன்னால் தங்கை. ஒத்திகையில் சமமான நாலு தட்டு என்று மனைவி தச்சரிடம் சொல்லியிருந்தாள். தங்கை குதிகாலைத் தூக்கினாள். ஒரு கனம். ஒரு லேசு. ஒரு இழுப்பு.

மனைவியின் கை தச்சரின் முழங்கையை இறுக்கியது.

வரிசையில் தங்கைக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் விட்டிருந்தது. அதற்குப் பின்னால் ஆபரேட்டர். அவர் முன்னால் இருப்பவரின் தோளில் கை வைத்துத்தான் தாளத்தை வாங்க வேண்டும். அவர் கையை நீட்டினார். அது தங்கையை எட்டவில்லை. வெற்றிடத்தில், ஓர் ஆளின் தோள் உயரத்தில், அது போய் நின்றது. விரல்கள் எதையோ பிடித்ததுபோல வளைந்தன. உடனே அவருடைய இடது கால் இழுத்தது. அவரைத் தொட்டிருந்த சின்னப் பெண்ணுக்கு, அவளிடமிருந்து கட்டைக்காரருக்கு, கடைசியில் டீச்சரின் சக்கரத்துக்கு. ஒரு தள்ளு, ஒரு தொடல், ஒரு இழுப்பு. ஐந்து உடம்பும் ஐந்து விதம். ஐந்திலும் ஒரே மனிதர் நடந்தார். மூட்டை ஏற்றிய பக்கம் அந்தத் தோள் சாய்வதுகூட அப்படியே இருந்தது.

நாலு நிமிஷம். ஆபரேட்டரின் நீட்டிய கை ஒருமுறையும் தளரவில்லை. கூரையில் மழை எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை.

கைதட்டல் ஓய்ந்து கூட்டம் கலைந்தபின் தச்சர் மேடைக்குப் பின்னால் போனார். ஆபரேட்டர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து உள்ளங்கையை முகர்ந்துகொண்டிருந்தார்.

"தச்சரா? உங்க தங்கச்சிக்கும் எனக்கும் நடுவுல கடைசி நேரத்துல யாரை நிறுத்தினீங்க? நல்லா ஆடினாரு மனுஷன். தோள்ல மட்டும் என்னமோ மடிச்சுப் போட்டிருந்தாரு. சாக்கா அது? சொரசொரன்னு இருந்துச்சு."

மூட்டை தூக்குகிறவர்கள் தோள் உரியாமலிருக்கச் சாக்கை நாலாக மடித்துப் போட்டுக்கொள்வார்கள். தச்சர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி அது நின்றுவிடும் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். இரண்டாம் நாள் ஆட்டத்தில் தரை சும்மாதான் இருந்தது என்று தங்கையும் சொன்னாள். அன்று ஆபரேட்டரின் கை தங்கையின் தோளிலேயே இருந்தது. மழைக்காலம் முடிந்து வெயில் வந்தது. அச்சகத்தில் பாடப்புத்தக வேலை நெருக்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தங்கை அண்ணனிடம் நேராக வந்தாள். அண்ணியைக் கூப்பிடவில்லை. அவருக்குப் புரிகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"முன் அறையில பலகை போடணும். சிமெண்டுல எனக்கு ஒண்ணும் தெரியலை."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. எஞ்சியிருந்த சட்டங்களை எடுத்துவந்து ரப்பர் ஒட்டி, குறுக்கும் நெடுக்கும் வைத்து, மதியத்துக்குள் முடித்தார். வாசலிலிருந்து சுவர் வரை எட்டடி. வண்ணம் அடிக்காத புதுப்பலகை. தங்கை செருப்பைக் கழற்றிவிட்டு ஓரத்தில் நாற்காலி போட்டு, இரண்டு பாதத்தையும் அதன்மேல் வைத்து உட்கார்ந்தாள். தச்சரும் வெறுங்காலோடு நின்று பார்த்தார். அவருக்கு மரத்தின் குளிர்ச்சியைத் தவிர வேறு தெரியவில்லை. தெரியவில்லை என்று கையால் சொன்னார். அவள் பொறு என்றாள்.

சமையலறையிலிருந்து மனைவி மூன்று தம்ளர் டீயோடு வந்தாள். தட்டைப் பார்த்துக்கொண்டே, நேராகப் பலகையின் நடுவில் நடந்தாள். பாதி வழியில் நின்றாள். எதிரே வருகிற ஒருவருக்கு வழி விடுவதுபோலச் சுவரோடு ஒட்டி ஒதுங்கி, புடவைத் தலைப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

அந்த ஆள் கடந்து போகிற நேரம் வரை நின்றுவிட்டு, தட்டை இருவருக்கும் நடுவில் வைத்தாள். பிறகுதான் அவர்கள் இருவரும் தன்னையே பார்ப்பதைக் கவனித்தாள்.

"என்ன அப்படிப் பாக்குறீங்க?" என்றாள்.